குடும்பத்துக்கு ஒரு பொதுக் குழாய்



நம் பத்திரிகையின் தீபாவளி மலருக்குப் பழைய தோட்டத்துப் படங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தோம். அள்ளி அனுப்பிவிட்டீர்கள். சுங்கை வாங்கி, சொகமானா, ஆயர் தாவார், கடலைத் தாண்டிப் பங்கோர் என்று நம் மஞ்சோங் வட்டாரமே வந்து சேர்ந்தது. வாளியும் உளியுமாகப் பெரட்டுக்கு நிற்கும் பெண்கள், லயத்து வாசலில் புதுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும் மாப்பிள்ளை, தீமிதி முடிந்து மஞ்சள் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்கள். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கம் கட்டும்போதுதான் தலைவலி ஆரம்பித்தது. பெரும்பாலானவை வாட்ஸ்அப்பில் வந்தவை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். வழக்கமாக அதன் நீண்ட பக்கத்தில் 1600 புள்ளிகள் மிஞ்சும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். வகுத்துப் பாருங்கள், ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் அந்தப் படம் தாங்காது. முழுப் பக்கத்துக்கு இழுத்தால் கடைசி வரிசையில் நிற்பவர்களின் முகம் கரைந்துவிடும். 2023 ஆகஸ்டில் எச்டி தேர்வு ஒன்று வந்தது. அது பரவாயில்லை, ஆனால் அதுவும் முழு அளவு இல்லை. ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து அனுப்பினால்தான் அசல் அப்படியே வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியவர்களை இந்தப் பக்கத்தில் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சரி, அசலை அனுப்புங்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பெரியண்ணன் போனில் இருந்தது, அந்தப் போன் பங்கோர் படகுத்துறையில் தண்ணீருக்குள் போய்விட்டது. தங்கச்சியின் லேப்டாப்பில் இருக்கிறது, அவள் ஜொகூருக்குப் போய்விட்டாள். பென்டிரைவில் போட்டு வைத்தோம், பென்டிரைவைத்தான் தேடவேண்டும். இப்படியே பதில்கள். படம் குடும்பத்துடையது, இருப்பதோ யாரோ ஒருவர் சட்டைப்பையில்.

அதனால் இந்த மாதம் இலக்கியம் பேசாமல் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. கடையில் ‘நாஸ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு தடிப் புத்தகங்களை நிறுத்தி வைத்த அளவு இருக்கும். உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க். திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேபிளில் அதோடு சேர்ந்துகொள்ளும். வீட்டு வைஃபையில் இருக்கிற கைப்பேசி, கம்ப்யூட்டர், டிவி எல்லாம் அதிலிருந்து எடுக்கலாம், அதில் போடலாம். லயத்துக்கு முன்னால் இருந்த பொதுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டுக் குழாயும் இல்லை, எல்லோர் வீட்டுக் குழாயும்தான்.

சைனாலஜி, க்யூநாப் இரண்டும் தைவான் கம்பெனிகள், இங்கே எளிதாகக் கிடைப்பவை. டிஸ்க் இல்லாத வெறும் பெட்டிக்கே நடுத்தரக் கைப்பேசி ஒன்றின் செலவு ஆகும். அவ்வளவு வேண்டாம் என்றால் உங்கள் ரௌட்டரின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி துளை இருந்தால், பல ரௌட்டர்களில் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகியே பகிர்ந்துகொள்ளலாம். மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் பழகிப் பார்க்க அது போதும். வீட்டில் கம்ப்யூட்டரில் கைதேர்ந்த பையனோ பெண்ணோ இருந்தால் பழைய லேப்டாப்பில் ஓபன்மீடியாவால்ட் போட்டுத் தருவார்கள். அதற்குக் காசு கிடையாது.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது சாம்பா என்ற மென்பொருள். 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் என்ற ஆராய்ச்சி மாணவர் எழுத ஆரம்பித்தது. பல்கலைக்கழகத்துப் பெரிய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைத் தன் மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. கம்பியில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று கவனித்துக் கவனித்தே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்று சித்தியவான் தாமானில் ஒரு வீட்டுக் கூடத்தில் பேத்தியின் படம் டிவியில் தெரிவதில் அவருக்கும் பங்கு உண்டு.

கூகுள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கூகுள் ஃபோட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொண்டது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மின்னஞ்சல், படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபி, அதற்கு மேல் மாதாமாதம் கட்டவேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், அந்தக் கணக்கு ஒரு ஆளின் பெயரில் இருப்பது. அவர் கடவுச்சொல்லை மறந்தால் குடும்பமே வெளியில் நிற்கும்.

எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்குவது? நான்குக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து ஜேபெக்காக வைத்தால் ஏறக்குறைய 4 எம்பி. ஆயிரம் படம் என்றாலும் 4 ஜிபிதான். தாத்தா பால்மரம் வெட்டிய காலம், அத்தை கல்யாணம், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டுப் படங்கள், கோயில் கும்பாபிஷேகம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதுவே, பேரனின் பள்ளி விளையாட்டுப் போட்டியைப் புதுக் கைப்பேசியில் 4கே-யில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கே 10 ஜிபி தாண்டும். தோட்டத்து வாழ்க்கை முழுவதற்கும் ஒரு மூலை போதும், மீதி இடம் ஓட்டப்பந்தயத்துக்கு! இரண்டு டெராபைட்டில் ஆரம்பித்தால் சராசரிக் குடும்பத்துக்கு வெகுநாள் வரும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் போகிற கேபிளும், இரண்டு பக்கத் துளையும் கிகாபிட் ஆக இருக்கட்டும். 100 ஜிபியை ஏற்ற அதில் கால் மணி நேரம் ஆகும், பழைய 100 மெகாபிட் துளையில் இரண்டரை மணி நேரம். முதல் முறை மொத்தமாக ஏற்றும்போது வைஃபையை நம்பாமல் லேப்டாப்பையும் கேபிளில் செருகிவிடுங்கள். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 15 வாட் என்று வைத்தால், மாதம் முழுக்க ஓடினாலும் ஏறக்குறைய 11 யூனிட்தான்.

இயந்திரம் இவ்வளவுதான், மீதி எல்லாம் மனிதர்கள். குழாயடி என்றால் சண்டை இல்லாமலா? இந்தப் பெட்டியில் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர் போடலாம். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யாருக்குத் தெரியவே கூடாது என்று சொல்லி வைக்கலாம். இதைச் செய்யாமல் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிற வீடுகள்தான் அதிகம். பிறகு ஒருநாள், இடத்தை அடைக்கிறது என்று யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், பழைய கல்யாண வீடியோவை அழிப்பார். பழைய படங்கள் இருக்கும் ஃபோல்டரை எல்லோரும் பார்க்கட்டும், எழுதும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் புதிதாகப் போட ‘வந்தவை’ என்று தனி ஃபோல்டர். இந்தப் பெட்டிகளில் குப்பைத்தொட்டி வசதி உண்டு, அதைத் திறந்து விடுங்கள். அழித்தது உடனே போய்விடாமல் அங்கே கிடக்கும்.

பத்திரங்களுக்கு இன்னொரு ஃபோல்டர். இது படத்தைவிட முக்கியம் என்றே சொல்வேன். பிறப்புப் பத்திரம் கைக்கு எட்டாததால் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பெரியவர்கள் நம் தோட்டத்துக் குடும்பங்களில் உண்டு. ஸ்கேன் செய்த நகல் அசலுக்கு ஈடாகாது. ஆனால் அதில் பதிவு எண் இருக்கிறது. எண் கையில் இருந்தால் தேசியப் பதிவிலாகாவில் போய்க் கேட்பது எவ்வளவோ எளிது. பிறப்பு, திருமணம், இறப்பு, பள்ளிச் சான்றிதழ், பழைய அடையாள அட்டையின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள். அந்த ஃபோல்டரை மட்டும் வீட்டுப் பெரியவர்கள் இருவருக்குமேல் யாருக்கும் திறக்க வேண்டாம்.

பழைய தமிழ்க் கோப்புகளும் இந்தப் பெட்டியில் சேரவேண்டியவைதான். தொண்ணூறுகளில் முரசு எழுத்துருவில் தட்டச்சு செய்த கோயில் கணக்கோ, அழைப்பிதழோ, கவிதையோ கம்ப்யூட்டரில் இருந்தால், இன்று திறக்கும்போது புரியாத குறிகளாகத் தெரியலாம். அழிக்காதீர்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலேயே அதை யூனிகோடுக்கு மாற்றும் வழி உண்டு. நம் பத்திரிகையின் பழைய பேஜ்மேக்கர் பக்கங்களையும் அப்படித்தான் ஒவ்வொன்றாக மாற்றி, பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இனிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டும். இரண்டு டிஸ்க் போட்டிருக்கிறோம், ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், டிஸ்க் பழுதானால் தப்பிக்கலாம். ஆனால் ஒன்றில் அழித்தது அடுத்த நொடியே இன்னொன்றிலும் அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். தீப்பிடித்தாலும் அப்படித்தான். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றில் வேறு எங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறதே, அந்த உழைப்பின் பின்னால் இந்த நெருப்பும் இருக்கிறது. நம் வீட்டு அளவில் செய்யக்கூடியது சுலபம். யுஎஸ்பி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ இருக்கும் அக்கா வீட்டு அலமாரியில் வையுங்கள். தீபாவளிக்குப் போகும்போது பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டு வரலாம். இணையமே தேவைப்படாத ஏற்பாடு.

இணையம் என்றதும் இன்னொன்று. வெளியூரில் இருந்தும் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தக் கதவை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற கும்பல் உலகம் முழுவதும் க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுப் பிட்காயினில் பணம் கேட்டது. அதே ஆண்டு ஜூனில், 2015-க்குப் பிறகு புதுப்பிப்பே வராத வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை யாரோ தூரத்திலிருந்தே துடைத்துவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு வெறும் பெட்டி. கடற்படையில் கப்பலேறிய மகனோ, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளோ பார்க்கத்தான் வேண்டும் என்றால் டெய்ல்ஸ்கேல், வயர்கார்டு மாதிரி விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக வரட்டும். ரௌட்டரில் நேராகத் துளை திறந்து விட வேண்டாம். பெட்டி புதுப்பிக்கச் சொல்லி மின்னினால் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

லூமுட்காரர்களுக்கென்றே இன்னொரு கவலை, இடி. மதியம் கறுத்துக்கொண்டு வந்தால் நாம் டிவி பிளக்கைப் பிடுங்குவோம், இதை மறந்துவிடுவோம். ஃபைபர் கேபிள் கண்ணாடி இழை, மின்னல் அதன் வழியே ஏறாது. ஆனால் மின்சார வயர் வழியே வரும். சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி அதில் செருகினால் கரண்ட் போகும்போது பெட்டி ஒழுங்காக அணையவும் நேரம் கிடைக்கும். பலத்த இடிக்கு யுபிஎஸ்ஸையும் நம்பாமல் பெட்டியை முறையாக அணைத்துப் பிடுங்கிவிடுவதுதான் என் வழக்கம். கடலோரத்து வீடாக இருந்தால் ஜன்னலோரம் வைக்காதீர்கள், உப்புக் காற்று ஆகாது. மூடிய அலமாரியும் வேண்டாம், சூடேறும்.

கடைசியாக ஒரு வேலை. இதை எந்தப் பெட்டியும் செய்யாது. ஸ்கேனர் கொடுக்கும் பெயர் வெறும் எண்ணாக இருக்கும். அதை மாற்றி, ‘1968 சொகமானா 3-ஆம் லயம், பொங்கல், இடமிருந்து பெரியம்மா’ என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். பெட்டிக்குத் தமிழ் புரியும். பெயர் தெரியாதவரைப் பாட்டியிடம் கேளுங்கள். டிவியில் பெரிதாக ஓடவிட்டால் அவரே சொல்லிக்கொண்டு போவார், நீங்கள் எழுதிக்கொள்ளலாம். யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், எந்தக் கங்காணி யாருக்குச் சொந்தம் என்ற கதையெல்லாம் சேர்ந்து வரும். கைப்பேசியில் குரலையும் பதிவுசெய்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

நிர்வாகக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு, வீட்டுக் கிராந்தும் இபிஎஃப் பத்திரமும் இருக்கிற கோப்பிலேயே வைத்துவிடுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்
லூமுட்