விற்றமின் ஏ: இரத்தம் சொல்வதும் ஈரல் வைத்திருப்பதும்



"இரத்தம் சோதித்தோம், விற்றமின் ஏ சரியாக இருக்கிறதாம்" என்று ஒரு தாய் நிம்மதியடைவது இயல்பே. ஆயினும் அந்தத் தாளிலுள்ள இலக்கம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

விற்றமின் ஏ ஒரே பொருளன்று. முருங்கை இலை, வல்லாரை, பூசணி, பப்பாசி ஆகியவற்றில் இருப்பது கரோட்டின். அதை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்வது உடலின் வேலை. ஈரல், முட்டை மஞ்சட்கரு, பால் ஆகியவற்றில் அது ஆயத்தமாகவே கிடைக்கிறது. இரத்தத்தில் ஓடும்போது அது ரெட்டினோல். ஈரலில் சேமிக்கப்படும்போது கொழுப்பமிலத்துடன் இணைந்து ரெட்டினைல் எஸ்டர் ஆகிறது. கண்ணுக்குப் பார்வை தரும் வடிவம் வேறு, கலங்களை வளர்க்கும் வடிவம் வேறு.

ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் அளக்கப்படுவது இரத்தத்திலுள்ள ரெட்டினோல் மட்டுமே. வெளிச்சம் பட்டால் அது சிதையும். ஆகவே இரத்தக் குழாயை மூடி வைப்பார்கள். லீற்றருக்கு 0.70 மைக்கிரோமோலுக்குக் குறைந்தால் குறைபாடு என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுகோல்.

இங்கேதான் ஒரு சிக்கல். அடுப்படியில் அரிசிப் பானை இருக்கிறது, உள்ளறையில் அரிசி மூட்டை இருக்கிறது. பானை குறையக் குறைய மூட்டையிலிருந்து அள்ளிப் போடுகிறீர்கள். பானையை மட்டும் பார்ப்பவருக்கு மூட்டை ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது தெரியாது. இரத்தம் அந்தப் பானை, ஈரல் அந்த மூட்டை. ஈரலின் இருப்பு மிகவும் வற்றிய பிறகே இரத்தத்தின் அளவு இறங்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ரெட்டினோலைச் சுமந்து செல்லும் புரதம் காய்ச்சல் காலத்தில் குறைந்துவிடுகிறது. ஈரலில் இருப்பு இருந்தும் தாளில் இலக்கம் தாழ்ந்து நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம் இருந்தால் இரத்தம் எடுக்குமுன் டொக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஈரலை வெட்டிப் பார்க்க முடியாதல்லவா? அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இரத்தம் எடுத்துவிட்டு, சிறிதளவு விற்றமின் ஏ குடிக்கக் கொடுத்து, ஐந்து மணித்தியாலத்தின் பின் மீண்டும் எடுக்கிறார்கள். இருப்பு வற்றியவரின் ஈரலில் சுமக்கும் புரதம் சுமையின்றிக் காத்துக் கிடக்கும். கொடுத்த மருந்தை உடனே ஏற்றிக்கொண்டு அது வெளியே வரும்; இரத்தத்தின் அளவு சட்டென ஏறும். 20 வீதமோ அதற்கு மேலோ ஏறினால் இருப்புப் போதாது என்று பொருள்.

மிகுதியையும் இந்த ரெட்டினோல் இலக்கம் மறைத்துவிடக் கூடும். அளவுக்கு மீறிச் சேர்ந்தவரின் ரெட்டினோல் சாதாரணமாகவே காணப்படலாம். அப்போது வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் ரெட்டினைல் எஸ்டரைத் தனியே அளக்க வேண்டும். மொத்த விற்றமின் ஏயில் அது பத்து வீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கைதான். சாப்பிட்ட பின் எடுத்தால் உணவிலிருந்து வந்த எஸ்டரும் கணக்கில் ஏறிக் குழப்பும்.

கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு இது வீண் பேச்சல்ல. ஆயத்த விற்றமின் ஏ நாளொன்றுக்கு 3,000 மைக்கிரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவ எல்லை. மிகுந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் உறுப்புகள் பழுதுபட இடமுண்டு. சமைத்த மாட்டீரல் 85 கிராமில் மட்டுமே சுமார் 6,500 மைக்கிரோகிராம் இருக்கிறது! ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் ஈரல் வீடு தேடி வரும்போது, "பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது" என்று மாமிமார் அன்போடு தட்டில் வைப்பதும் நமக்குத் தெரிந்ததே. மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையும் இதே கணக்கில்தான் சேரும்.

கீரைக்கும் பூசணிக்கும் இந்தப் பயம் வேண்டாம். தேவைக்கு மேல் கரோட்டினை உடல் மாற்றுவதில்லை. மிதமிஞ்சிச் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால் அது செங்கண்மாரியாக இருக்கலாம். தாமதியாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

மஃரிப் வேளையில் இருள் படரும்போது, மற்றப் பிள்ளைகள் ஓடித் திரிய உங்கள் பிள்ளை மட்டும் கதிரையில் முட்டிக்கொள்கிறதா? தாளில் என்ன இலக்கம் இருந்தாலும் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.