இ-இன்வோய்ஸ்: வீட்டிலிருந்து கணக்கெழுதும் நம்மவர்கள் தயாரா?

மே மாதம் பிறந்தால் போதும். கிள்ளானிலும் ஈப்போவிலும் சுங்கைப்பட்டாணியிலும் பல வீடுகளுக்கு பிஸ்கட் டின்களும் பிளாஸ்டிக் பைகளும் வந்து சேரும். உள்ளே ஓராண்டு பில்கள். மளிகைக் கடைக்காரர், லாரி வைத்திருப்பவர், கார் பட்டறைக்காரர் எல்லாரும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்று எல்சிசிஐ படித்து, பிள்ளைகள் பிறந்த பின் அலுவலக வேலையை விட்டு, வீட்டிலிருந்தே கணக்கெழுதும் பெண்கள்தான் அவற்றைப் பிரித்து அடுக்கி, ஜூன் 30க்குள் பி பாரத்துக்கு வேண்டிய கணக்கை முடித்துத் தருகிறார்கள். இந்த ஏற்பாட்டைத்தான் இ-இன்வோய்ஸ் அசைத்துப் பார்க்கிறது.

100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களோடு 2024 ஆகஸ்ட் 1இல் தொடங்கிய திட்டம், 2025 ஜனவரியில் 25 மில்லியன், ஜூலையில் 5 மில்லியன் என இறங்கி, 2026 ஜனவரி 1இல் 1 மில்லியனைத் தொட்டது. விலக்கு முதலில் 150,000 ரிங்கிட் வரை மட்டுமே இருந்தது. பிறகு 500,000 ஆனது. இப்போது 1 மில்லியன். "அப்பாடா, என் வாடிக்கையாளர் யாரும் இதில் சிக்கமாட்டார்" என்று கணக்கெழுதும் பலர் மூச்சு விட்டார்கள்.

அவசரப்பட வேண்டாம். நாளொன்றுக்கு 3,000 ரிங்கிட் வியாபாரம் நடக்கும் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 365 நாளில் 1,095,000 ரிங்கிட். வரி வாரியம் பார்ப்பது மொத்த விற்பனையை. கையில் மிஞ்சும் லாபத்தை அல்ல. "நமக்கு எங்கே மில்லியன்?" என்று சிரிக்கும் கடைக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியவர் அவருடைய கணக்கை எழுதுபவர்தான். வேறு யார் சொல்வார்?

உண்மையில் மாறுவது கணினி அல்ல, காலம். கடையில் வாங்குபவர் இ-இன்வோய்ஸ் கேட்காவிட்டால் அந்த மாத ரசீதுகளைத் தொகுத்து, மாதம் முடிந்த 7 நாளுக்குள் ஒன்றாக அனுப்பலாம். அனுப்பி உறுதியான ஒன்றை ரத்து செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம். கடமை உள்ளவர் தவறினால், ஒவ்வொரு தவற்றுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது சட்டம். தொடக்கத்தில் சலுகைக் காலம் உண்டு. ஆனால் அது முடியும். ஆண்டுக்கு ஒரு முறை டின்னைத் திறப்பவருக்கு இந்த வேகம் ஒத்துவராது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. "ஜிஎஸ்டிக்கு மென்பொருள் வாங்கி நான் பட்டது போதும்" என்றார் கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. நியாயம்தான். 2015 ஏப்ரல் 1இல் வந்த 6 விழுக்காட்டு வரி 2018 ஜூன் 1இல் சுழியமானது. செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்பியது. காசு கட்டி வகுப்புக்குப் போனவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஆனால் ஜிஎஸ்டி ஒரு வரி. ஆட்சி மாறியதும் போனது. இது பதிவு முறை. பெரிய நிறுவனங்கள் இதற்காகத் தங்கள் அமைப்புகளையே மாற்றிவிட்ட பிறகு, இது பின்வாங்கும் என்று நம்பிக் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆட்டோகவுன்ட், எஸ்கியூஎல், புக்கு போன்ற மென்பொருள்களில் எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பது சில வாரத்தில் பழகிவிடும். சிரமம் வேறிடத்தில். முன்பு 'ரொக்க விற்பனை' என்று எழுதினால் முடிந்தது. இப்போது இ-இன்வோய்ஸ் கேட்கும் வாடிக்கையாளரின் வரி அடையாள எண்ணும் பதிவு எண்ணும் வேண்டும். எஸ்எஸ்எம் 2019 அக்டோபரிலிருந்து 12 இலக்கப் பதிவு எண்ணுக்கு மாறிவிட்டது. பழைய எண்ணையே பில் புத்தகத்தில் அச்சடித்து வைத்திருப்போர் இன்னும் உண்டு. இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் கணினி திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டுத் திருத்துவதுதான் பெரிய வேலை.

இன்னொன்று. பற்றும் வரவும் சமமா என்று மென்பொருள் பார்க்கும். செலவு கடையுடையதா, முதலாளி மகனின் கல்லூரிக் கட்டணமா என்று அதற்குத் தெரியாது. தப்பாகப் போட்டாலும் கணக்கு அழகாகச் சமமாகும். எல்சிசிஐ படிப்பு வேலை செய்வது அங்கேதான். மென்பொருளுக்குக் கட்ட வசதி இல்லாதவர்கள் வாரியத்தின் இலவச மைஇன்வோய்ஸ் தளத்தில் தொடங்கலாம். ஆனால் அது பில் அனுப்பும் இடம் மட்டுமே. பேரேடு அதில் இல்லை.

முதலாளிகள் மைடெக்ஸ் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறந்துபோவதும் நடக்கிறது. அதை வாங்காதீர்கள். அவரே அமைப்புக்குள் உங்களைப் பிரதிநிதியாக நியமிக்க வழி இருக்கிறது. நாளை ஒரு தவறு கிளம்பினால் யார் அழுத்தினார் என்ற கேள்வி வரும். எம்ஐஏ உறுப்பினராக இல்லாதவர் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டம் இடம் தராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடைசியில் கூலி. "ஒரு பட்டன் அழுத்த மாசாமாசம் காசா?" என்பார்கள். கிள்ளான் அக்காவிடம் பதினோரு பேர் கணக்கு இருக்கிறது. எல்லாருடைய விற்பனையையும் கூட்டிப் பார்த்தபோது மூவர் மில்லியனைத் தாண்டியிருந்தார்கள். அந்த மூவரிடம் மட்டும் மாதக் கட்டணம் பேசினார். இருவர் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் வேறு ஆள் தேடுகிறார். மற்ற எட்டுப் பேரின் டின்கள் மே மாதம் வழக்கம்போல் வரும். அதற்குள் தம்முடைய சொந்த வரவு செலவையே மென்பொருளில் ஏற்றிப் பழகிக்கொண்டிருக்கிறார் அக்கா.