இயற்பியலுக்குத் திரை மட்டும் போதுமா?

காந்தத்தைச் சுற்றியுள்ள விசைக் கோடுகளை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆசிரியர் கரும்பலகையில் வரையும் வளைகோடுகள்தான் பத்தாம் வகுப்பு மாணவர் அறிந்த காந்தப்புலம். 'ஆக்மென்டட் ரியாலிட்டி' எனப்படும் தொழில்நுட்பம் இந்தக் குறையைத் தீர்க்க வல்லது. கைப்பேசியின் கேமராவைப் பாடநூல் படத்தின் மீது பிடித்தால், மேஜை மீதே காந்தம் இருப்பது போலவும், அதைச் சுற்றி முப்பரிமாணத்தில் கோடுகள் விரிவது போலவும் திரையில் தெரியும். மறுபக்கம் நகர்ந்து பார்த்தால் காட்சியும் அதற்கேற்ப மாறும்.

இத்தகைய கல்விக்கு தில்லியில் அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அறிவியலுக்கும் கணிதத்துக்கும் 750 மெய்நிகர் ஆய்வகங்கள் என்றது 2022-23 நிதிநிலை அறிக்கை. அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் 50,000 அடல் ஆய்வகங்கள் என்றது 2025-26 அறிக்கை. இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு ஆந்திரத்தின் அனுபவம் பாடமாகக்கூடும்.

2022 டிசம்பரில் அன்றைய ஜெகன்மோகன் ரெட்டி அரசு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கையடக்கக் கணினிகளை வழங்கத் தொடங்கியது. அதில் இருந்தது பைஜூஸ் நிறுவனத்தின் பாடம். 2024 ஜூலையில் அந்த நிறுவனமே திவால் நடைமுறைக்கு உள்ளானது. கணினி மாணவர் கையில் இருக்கலாம்; பாடத்தைப் புதுப்பிக்க வேண்டியவர் யார்?

இதற்கு நேர்மாறான முயற்சி, சந்திரபாபு நாயுடு 1989 முதல் வென்றுவரும் குப்பம் தொகுதியில் நடந்து வருகிறது. சித்தூர் மாவட்டத்தின் இந்த எல்லையோர ஊரில், 1999-இல் தொடங்கப்பட்ட அகஸ்தியா அறக்கட்டளைக்கு 172 ஏக்கர் வளாகம் உள்ளது. எளிய செய்முறைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு அதன் நடமாடும் ஆய்வகங்கள் அரசுப் பள்ளிகளைத் தேடிச் செல்கின்றன.

ஓர் ஆணியில் தாமிரக் கம்பியைச் சுற்றி பேட்டரியில் இணைத்தால் ஆணி காந்தமாகும். சில நேரம் ஆகாது. பேட்டரி தீர்ந்திருக்கும், கம்பியின் முனை சரியாகச் சுரண்டப்பட்டிருக்காது. ஏன் ஆகவில்லை என்று மாணவர் தேடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இயற்பியல் இருக்கிறது. நிரல் எழுதியவர் தவறுக்கு இடம் வைக்காத வரை, திரையில் அந்தச் சோதனை தோற்பதே இல்லை.

எனவே, முதலில் ஆணி, பிறகு திரை என்பதே முறையான வரிசை. விசைக் கோடு, அணு, கோள்களின் பாதை போன்றவற்றுக்குத் திரை உதவட்டும். லென்ஸுக்கும் ஊசலுக்கும் அது தேவையில்லை. மாணவருக்கு ஒரு கருவி என்ற செலவும் வேண்டாம். குழுவுக்கு ஒன்று போதும்.

பாடம் தயாரிக்க வெளி நிறுவனத்தை நாட வேண்டியதும் இல்லை. திருப்பதியில் ஐஐடி-யும் ஐசர் நிறுவனமும் 2015 முதல் இயங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டத்தை ரேடாரில் அளக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் அருகே காதங்கியில் உள்ளது. இவற்றின் ஆய்வாளர்கள் தெலுங்கில் தயாரிக்கலாம். குப்பம், நகரி, சத்யவேடு பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழிலும்தான்.

கல்வி 1976 முதல் பொதுப் பட்டியலில் உள்ளது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆந்திரத்துக்கு மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். ஆகவே, சித்தூர், திருப்பதி எம்.பி.க்கள் கேள்வி நேரத்தில் கேட்க வேண்டியது எத்தனை கருவிகள் வாங்கப்பட்டன என்பதை மட்டுமல்ல. உயர்நிலைப் பள்ளிகளில் எத்தனை ஆய்வக அலமாரிகள் கடந்த ஆண்டு திறக்கப்பட்டன என்பதையும் அமைச்சரிடம் கேட்கலாம்.