கடையை மூடினால் நஷ்டம் யாருக்கு?

மதுவிலக்கு என்ற பேச்சை எடுத்தாலே நம்ம விடுதியில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "கடையை மூடிட்டா கவர்மெண்ட் எப்படிப்பா நடக்கும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். கவர்மெண்ட் கணக்கு இருக்கட்டும், தெருவின் கணக்கை யார் பார்ப்பது?

1937 அக்டோபர் 1-ல் இராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. சென்னை மாகாணத்தில் அதுதான் முதல் ஜில்லா. கூலியை வாங்கிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போன மனுஷன் சாயங்காலம் எங்கே போவான்? அதற்காக விளையாட்டு, பஜனை என்று ஏற்பாடு செய்தார்கள். குடியில் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியது.

ஆனால் கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். கள்ளுக்கடை கட்டிய பணத்தை ஜவுளிக்கடை கட்டுவதா என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தக் கடைக்கு வாங்க வந்தவன் கையில் காசு மிஞ்சியதும் மதுவிலக்கால்தானே!

உண்மையான நஷ்டம் மரம் ஏறியவர்களுக்கு. அவர்களும் சொந்தக் கையை நம்பிப் பிழைத்தவர்கள். பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சச் சங்கங்கள் வைத்தார்கள். அது எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா மரத்தை விட்டுக் கல் உடைக்கப் போனாராம், அப்பத்தா சொல்லும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பைத் தாண்டி முதலில் கால் வைத்தவன் நான்தான்.

ஆனாலும் நான் மதுவிலக்குப் பக்கம்தான். எங்கம்மா இட்லிக்கடை வைத்துத்தான் எனக்கு பீஸ் கட்டுது. கடன் நோட்டைப் புரட்டினால் தெரியும். குடிக்காதவர் சனிக்கிழமை கூலி வாங்கியதும் பாக்கியைத் தீர்க்கிறார். குடிக்கிறவர் பாக்கி அடுத்த பக்கத்துக்குப் போகிறது. ஒரு குவார்ட்டர் காசில் ஒரு குடும்பமே வயிறார இட்லி சாப்பிடலாம்!

"மூடினால் கள்ளச்சாராயம் வருமே" என்பீர்கள். கடைகள் திறந்திருந்தபோதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே!

எனவே கடையை மூட வேண்டும். ஆனால் மூடுவதற்கு முன்பே, அதை நம்பிப் பிழைப்பவனுக்கு மாற்றுத் தொழில் கையில் இருக்க வேண்டும். சேலம் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். நாளை பட்டறையும் கடையும் வைக்கப்போகிற நாம் இதை யோசிக்காவிட்டால் வேறு யார் யோசிப்பது?

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு