குடத்துள் விளக்குகள்

புகழ் என்பது ஒன்று. தகுதி என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஓரிடத்தே சேர்ந்திருத்தலும் உண்டு, பிரிந்திருத்தலும் உண்டு. குன்றின்மேல் இட்ட விளக்கைக் காண்பதற்கு எவரும் முயல வேண்டுவதில்லை. குடத்துள் இட்ட விளக்கையோ தேடிச் செல்பவனே காண்பான். ஒளி இரண்டிற்கும் பொதுவேயாம். இவ்வுண்மையைக் கவிதைக்கும் ஓவியத்திற்கும் பொருத்திப் பேசுவோர் பலர். யாம் இங்கே பொருத்திக் காட்டப் புகுவது, நம் மாணவருட் சிலர் பெருவிருப்பத்துடன் கேட்டும் சேகரித்தும் வருகின்ற 'ஹெவி மெட்டல்' என்னும் மேனாட்டு இசைக்காகும்.

இவ்விசையில் ஈடுபட்டார் ஒருவருடைய சேகரத்தைப் பார்ப்போமாயின், பிளாக் சப்பாத், ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன், மெட்டாலிக்கா எனப் பத்துப் பெயர்கள் தவறாது காணப்படும். மற்றொருவர் சேகரத்திலும் அப்பத்தே. இவர்களைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. புகழுக்கு உரியவரே புகழ் பெற்றனர். ஆயினும் அப்பத்துப் பெயர்களுடன் நின்றுவிட்ட சேகரம், பிறர் வகுத்த பட்டியலேயன்றித் தன் செவியால் தேர்ந்த சேகரம் ஆகாது என்பதும், அதிகம் அறியப்படாத குழுக்களைத் தேடிக் கேட்டாலன்றிப் புகழ்பெற்ற குழுக்களையும் செவ்வனே அறிதல் இயலாது என்பதும் எம் கருத்து. இதற்குச் சான்று காட்டுவோம்.

இவ்விசை தொழிலாளர் வாழ்க்கையினின்றும் பிறந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பர்மிங்ஹாம் என்னும் தொழில்நகரில் 1968-ஆம் ஆண்டில் ஒன்றுகூடிய பிளாக் சப்பாத் குழுவினர், 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். அதனையே இவ்வகை இசையின் தொடக்கமாகப் பலரும் கொள்வர். அக்குழுவின் கிதார்க் கலைஞராகிய டோனி அயோமி, தமது 17-ஆம் வயதில் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். அவர் மனந்தளராது, தாமே செய்துகொண்ட விரலுறைகளை அணிந்தும், பின்னர்க் கம்பிகளின் முறுக்கைத் தளர்த்தியும் வாசித்தார். தளர்ந்த கம்பிகளின் தாழ்ந்து கனத்த நாதமே இவ்விசைக்கு இலக்கணமாய் அமைந்தது.

பத்தாண்டு கழியுமுன் அந்நாட்டின் ஊர்தோறும் இளைஞர் இம்முறையைப் பின்பற்றிக் குழுக்களை அமைத்தனர். இலண்டனில் வெளிவந்துகொண்டிருந்த 'சவுண்ட்ஸ்' என்னும் வாரப்பத்திரிகை 1979-ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வெழுச்சிக்குப் 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்று பெயரிட்டது. அவ்வலையில் எழுந்தவருள் அயர்ன் மெய்டன், டெஃப் லெப்பர்ட் முதலிய சிலரையே உலகம் அறியும். ஏனையோருட் பலர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு ஒன்றிரண்டு தட்டுக்களை வெளியிட்டுப் பின் மறைந்தனர்.

அவ்வலையில் எழுந்தவருள் ஒரு குழு டயமண்ட் ஹெட். இது பர்மிங்ஹாமுக்கு அணித்தான ஸ்டவர்பிரிட்ஜ் என்னும் ஊரில் 1976-ஆம் ஆண்டில் தோன்றியது. பெரிய கம்பெனி எதுவும் முன்வராமையால், இக்குழுவினர் 1980-ஆம் ஆண்டில் தாமே தம் முதல் தட்டை வெளியிட்டனர். படமில்லை, பாடல்களின் பெயருமில்லை, வெறும் வெள்ளை உறை. முதலிற் செய்த பிரதிகள் 1,000. அவற்றைக் கச்சேரிகளிலும் தபால் மூலமாகவும் விற்றனர்.

டென்மார்க்கில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய லார்ஸ் உல்ரிக் என்னும் இளைஞர் இக்குழுவின் இசையிற் பெரிதும் ஈடுபட்டார். 1981-ஆம் ஆண்டுக் கோடையில், 17 வயதே நிரம்பிய அவர், இவர்களை நேரிற் காணும்பொருட்டே இங்கிலாந்திற்குப் பயணமானார். கச்சேரி முடிந்தபின் அறிமுகஞ் செய்துகொண்டு, அக்குழுவினர் இல்லங்களிற் சில வாரம் தங்கவும் செய்தார். திரும்பிச் சென்று அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அவர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுடன் கூடி அமைத்த குழுவே மெட்டாலிக்கா. 1982-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் நிகழ்ந்த அவர்களது முதற் கச்சேரியில் வாசித்தவற்றுட் பெரும்பாலன பிறர் இயற்றியவை; டயமண்ட் ஹெட் பாடல்கள் அவற்றுட் சிறந்த இடம் பெற்றன. அம்மெட்டாலிக்கா 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட தட்டோ அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 இலட்சத்திற்கு மேல் விற்பனையாயிற்று.

ஆயிரம் எங்கே, ஒரு கோடியே அறுபது இலட்சம் எங்கே! ஆயினும் அவ்வாயிரம் இல்லையேல் இக்கோடி வேறு வகையாய் இருந்திருக்கும் என்பதை மறுப்பார் யார்? வெள்ளையுறைத் தட்டைக் கேட்டபின் மெட்டாலிக்காவின் தொடக்கத் தட்டுக்களைக் கேட்பவர், ஒரே பாடலுள் வேகம் மாறி மாறி வருவதும், கிதார்ப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கப்படுவதும் எங்கிருந்து வந்தன என்பதைத் தாமே உணர்வர். மரத்தின் உயரத்தை வியப்பவர் வேரையும் ஒருகால் நோக்குதல் தகும் அன்றோ?

நிற்க. இதற்கு மாறாகச் சொல்லப்படுவனவற்றையும் ஆராய்வோம்.

"தகுதியுள்ளது தானே வெளிப்படும்; வெளிப்படாதது தகுதியற்றது" என்பர் சிலர். இஃது உண்மையாயின் எவ்வளவோ நன்று. ஆனால் ஒரு குழு உலகறிய வேண்டுமாயின் நாதம் மட்டும் போதாது. முதலீடு செய்யும் கம்பெனியும், விளம்பரமும், பிறந்த ஊரும், வந்த காலமும் கூடவேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணத்தில் விச்சிட்டா என்னும் ஊரிலே 1977-ஆம் ஆண்டில் மனில்லா ரோட் என்னுங் குழு தோன்றியது. இசைத் தொழிலின் தலைநகரங்களாகிய நியூயார்க்கிற்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் மிகச் சேய்மையிலுள்ளது அவ்வூர். அக்குழு 1983-ஆம் ஆண்டில் தானே வெளியிட்ட 'கிரிஸ்டல் லாஜிக்' என்னும் தட்டு, பழங்கதைகளையும் வீரச்செயல்களையும் பாடும் ஒரு தனிமரபிற்கு வழிகாட்டியாயிற்று. சொந்த நாட்டிற் பெரும்புகழ் எய்தாத அக்குழுவை ஜெர்மனியிலும் கிரீஸிலும் உள்ள ரசிகர் போற்றினர். அதன் தலைவர் மார்க் ஷெல்டன், இடையே சில ஆண்டுகள் குழு நின்றிருந்தபோதிலும், 2018-ஆம் ஆண்டில் தாம் இறக்கும்வரை அப்பணியை விட்டாரல்லர். இத்தகையாரைத் தகுதியற்றவர் என்று கூற எமக்கு நா எழவில்லை.

"இவ்விசையே பேய்த்தன்மை வாய்ந்தது, இதில் அறியப்படாத குழுக்களை வேறு தேட வேண்டுமோ?" என்று கேட்கும் பெரியோரும் நம்மிடையே உளர். நியூகாசில் நகரத்து வெனம் குழுவினர் 1982-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிளாக் மெட்டல்' முதலிய தட்டுக்களில் பேயின் பெயரும் உருவமும் மலிந்திருத்தல் மெய்யே. அவற்றை மேடைவேடமென்று கொள்வார் பலர். அருவருத்து ஒதுக்குவார்க்கும் அதற்கு உரிமையுண்டு. ஆனால் சிலவற்றைக் கொண்டு அனைத்தையும் தீர்ப்பிடுதல் நீதியாகாது. சிகாகோ நகருக்கு அணித்தே தோன்றிய டிரபிள் என்னுங் குழு 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் தட்டு, விவிலியத்திலுள்ள ஒன்பதாம் சங்கீதத்தின் பெயரால் இன்று வழங்குகின்றது. மனச்சோர்வும் பாவமும் மன்றாட்டும் அதன் பாடல்களின் பொருள். நாதமோ பிளாக் சப்பாத்தினும் கனமானது. புகழ்பெற்ற பத்துப் பெயர்களுடன் நின்றவர் இதனை அறியார். ஆதலின் இவ்விசை முழுவதும் ஒரே நிறமென்று எண்ணிவிடுகின்றனர். அறியாமையால் வரும் வெறுப்பிற்கும் அறியாமையால் வரும் விருப்பிற்கும் மருந்து ஒன்றே. அது பரந்த கேள்வி.

இனி, சேகரிப்போரிடத்தே உள்ள ஒரு குற்றத்தையும் மறையாது கூறுதல் கடனாம். பிறர் அறியாதது ஒன்று தம்மிடம் உள்ளதென்று செருக்குதல் அது. அத்தகையார், தாம் போற்றிய குழு பலராலும் அறியப்பட்டவுடன் அதனை வெறுக்கத் தொடங்குவர். குடத்துள் விளக்கைத் தேடுவது அதனை வெளியே எடுத்து வைத்தற்கேயன்றி, மற்றொரு குடத்தாற் கவிழ்த்து மூடுதற்கன்று. உல்ரிக் இதிலும் நமக்கு ஒரு பாடமாவார். தாம் பெரும்புகழ் எய்திய பின்னர், 1990-ஆம் ஆண்டில், பத்திரிகையாளர் ஜெஃப் பார்ட்டனுடன் சேர்ந்து, 1979-ஐ ஒட்டிய அப்புதிய அலையின் மறந்துபோன குழுக்களது பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார்.

இக்காலத்தில் இது பெரிதும் வேண்டப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்து ரசிகர் ஒலிநாடாக்களைப் பிரதிசெய்து, தபாலில் ஒருவர்க்கொருவர் அனுப்பிப் புதிய குழுக்களை அறிந்தனர். இன்று உலகத்துப் பாட்டெல்லாம் கையகத்துக் கருவியில் வந்து நிற்கின்றது. ஆயினும் அடுத்து இன்னதைக் கேள் என்று சொல்வது நண்பரன்று, கணிப்பொறி. அதுவோ பலர் கேட்டதையே மேலும் பலர்க்கு ஊட்டும் இயல்பினது. ஸ்பாட்டிஃபை என்னும் நிறுவனம் 2024-ஆம் ஆண்டு முதல், முந்தின 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவிற்கு உரிமைத்தொகை வழங்குவதில்லை. உள்ளவனுக்குக் கொடுத்து இல்லாதவனிடம் பறிக்கும் இவ்வேற்பாட்டில், தேடிக் கேட்கும் ஒவ்வொரு செவியும் ஒரு கலைஞனுக்கு உதவியாம்.

தேடும் வழிகள் அரியனவல்ல. தட்டின் உறையிலுள்ள சிற்றெழுத்துக்களைப் படித்தல் முதல் வழி. மெட்டாலிக்கா பிறர் பாடல்களையே பாடி 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு தட்டு ஒன்று, டயமண்ட் ஹெட்டோடு, கார்டிஃப் நகரத்துப் பட்ஜி, எடின்பரோ நகரத்து ஹோலோகாஸ்ட் ஆகிய குழுக்களையும் நமக்கு அறிமுகப்படுத்தும். கலைஞரின் முன்வரலாற்றை வினவுதல் இரண்டாம் வழி. டியோ குழுவிலும் பின்னர் டெஃப் லெப்பர்டிலும் வாசித்த விவியன் கேம்பல் எங்கிருந்து வந்தார் என்று கேட்பவர், பெல்ஃபாஸ்டின் ஸ்வீட் சாவேஜ் குழுவைச் சென்றடைவர். சிறு கம்பெனிகளைத் தொடர்தல் மூன்றாம் வழி. நியூகாசிலுக்கு அடுத்த வால்சென்டில் இருந்த நீட் ரெக்கார்ட்ஸ் ஒன்றைப் பற்றினால், வெனமேயன்றி ரேவன், டைகர்ஸ் ஆஃப் பான் டாங் முதலிய குழுக்களும் கிடைக்கும். 2002-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் ரசிகராலேயே நடத்தப்பெறும் 'என்சைக்ளோபீடியா மெட்டாலம்' என்னும் கலைக்களஞ்சியம் இம்மூன்றிற்கும் துணைசெய்யும்.

கேட்டது பிடித்ததாயின், விலைகொடுத்து வாங்குக. பலவற்றை ஒரே நாளிற் குவித்து ஒன்றையும் முழுதுங் கேளாதிருத்தல் சேகரமன்று, சுமை. திங்களுக்கு ஒரு குழு போதும். ஒரு முறை கேட்டுத் தள்ளாது, நான்கைந்து முறை பொறுமையுடன் கேட்டுப் பின் தீர்ப்பளிக்க. பத்தில் ஏழு நம் மனத்திற்கு இசையாமற் போகலாம். எஞ்சிய மூன்று நம்முடையனவாம். அவற்றை நமக்குத் தேர்ந்தளித்தவர் எவருமிலர், நம் செவியையன்றி.

கல்லூரியில் நாம் பெறும் கல்வியின் பயனும் இதுவே என்பது எம் துணிபு. பிறர் மெச்சியதை மெச்சுதற்குக் கல்வி வேண்டுவதில்லை. பெயரறியாத ஒருவன், ஓர் சிற்றூரில், வெள்ளை உறையிட்டு வைத்துச் சென்றதை எடுத்துப் பார்த்து, இது நன்று என்று தன் பொறுப்பிற் சொல்லும் துணிவே கல்வி தரவேண்டுவது. மாணவ நண்பர்களே, உங்கள் சேகரத்தில் அத்தகைய தட்டு ஒன்றேனும் இருக்குமாக. அதனை அறையிற் பூட்டி வையாது, அடுத்த அறை நண்பரையும் அழைத்துக் கேட்பிப்பீர்களாக.