பருவமும் பருவும்

பருவம் என்ற சொல்லுக்குள் பரு என்ற சொல் ஒளிந்திருக்கக் காண்கிறோம். இதைக் கொண்டு வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கும் எண்ணம் நமக்கில்லை. அது முதுகலை வகுப்பில் நடக்கட்டும். ஆயினும் 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டோருள் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சிறிதளவேனும் முகப்பரு காண்கிறது என்று மருத்துவ நூலார் கூறுவதால், இவ்விரண்டுக்கும் உள்ள உறவு நெருக்கமானதே எனலாம். இத்துணைப் பரவலான ஒன்றைப் பற்றி நம் இல்லங்களில் நிகழும் உரையாடலோ இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. "வயசுக் கோளாறு, தானே போய்விடும்" என்பது ஒரு வாக்கியம். "முகம் இப்படி இருந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்பது மற்றொன்று. முன்னது ஆண்பிள்ளைக்கும் பின்னது பெண்பிள்ளைக்கும் என்று பங்கிட்டு வைத்திருக்கிறோம் போலும். இரண்டிலும் மருந்துக்கான வழி இல்லை.

தமிழ்த்துறை மலரில் தோலைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். நியாயமான வினாவே. நாம் மருத்துவர் அல்லோம். ஆனால் நம் மாணவர் முகத்தில் நேரும் கேட்டின் ஒரு பாதி நோயினால் வருவதன்று; படிக்காமல் பூசுவதால் வருவது. களிம்பு டியூப்பின் மேல் அதன் உட்பொருள் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் அது பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படித்துப் பொருள் அறியாமல், கடைக்காரர் சொல்லையும் அறைத்தோழர் சொல்லையும் நம்பி நம் பிள்ளைகள் பூசிக்கொள்கிறார்கள். எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லித் தருவது தமிழாசிரியர்க்குப் புறம்பான தொழில் அன்று என்று கருதுகிறோம்.

நடப்பது இதுதான். பரு தோன்றியவுடன் மாணவர் நாடுவது மருத்துவரையன்று, மருந்துக்கடையை. அல்லது விடுதியில் அடுத்த கட்டிலில் படுப்பவரை. "இதைப் போடு, நாலே நாளில் பளிச்சென்று ஆகிவிடும்" என்ற உறுதிமொழியோடு ஒரு சிறு டியூப் கைமாறுகிறது. ஒருவர் வாங்கியதை அறையில் உள்ள நால்வரும் பூசுகின்றனர். சொன்ன சொல் பொய்ப்பதும் இல்லை. நான்கைந்து நாளில் சிவப்பு அடங்குகிறது, வீக்கம் வற்றுகிறது, நிறமும் சற்றே வெளுக்கிறது. இந்த விரைவுதான் ஐயத்தை எழுப்ப வேண்டும். பருவை மெய்யாகவே குணப்படுத்தும் மருந்து எதுவும் நான்கு நாளில் இவ்வளவு செய்வதில்லை. இப்படி வேலை செய்வது பெரும்பாலும் ஸ்டீராய்டு.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் மூன்று பெயர்களை மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இவை தீய மருந்துகள் அல்ல. கரப்பான், சொரியாசிஸ் முதலிய நோய்களுக்கு மருத்துவர் அளவும் நாளும் வரையறுத்துக் கொடுக்கும்போது பெரும்பயன் தருபவை. ஆனால் பருவுக்கென்று மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் செந்நூல் போல் வெளியே தெரிகின்றன. பெண்களுக்குக் கன்னத்தில் மயிர் அரும்புகிறது. பழைய பரு போதாதென்று ஸ்டீராய்டினாலேயே புதிய பருக்கள் முளைக்கின்றன. நிறுத்திவிடலாம் என்றாலோ முகம் நெருப்பாய் எரிந்து சிவக்கிறது. எரிச்சல் தாளாமல் மீண்டும் பூசுகிறார்கள். மருந்து முகத்தை அடிமை கொள்ளும் விதம் இது. இந்நிலைக்கு வந்துவிட்டவர் தாமே திடுமென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டி நிறுத்துவதே முறை.

ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த களிம்பு ஒன்றும் கடைகளில் புழங்குகிறது. இத்தகைய கலவை மங்கு என்னும் கருந்திட்டுக்குச் சில வார காலம் தருவதற்காக ஏற்பட்டது. நம் ஊரில் அது சிவப்பழகுக் களிம்பாய் வேடம் பூண்டு உலவுகிறது. தோல் மருத்துவர் சங்கம் நெடுநாள் வலியுறுத்தியதை அடுத்து, 2018 மார்ச்சில் நடுவணரசு பூச்சு ஸ்டீராய்டு மருந்துகள் 14ஐ எச் அட்டவணையில் சேர்த்து, சீட்டின்றி விற்கலாகாது என்றது. சட்டம் அரசிதழில் இருக்கிறது. களிம்பு கேட்டவர்க்குச் சீட்டில்லை என்று மறுக்கும் கடைகளும் உள, மறுக்காதவையும் உள.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பருவைப் போக்க என்று தொடங்கும் பூச்சு, நிறத்தை வெளுக்க என்று மாறுவதாலேயே நிற்காமல் தொடர்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரில் 1975இல் நம் நாட்டுச் சந்தைக்கு வந்த களிம்பு, 2020இல் குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெட்டியிலிருந்து வெண்மை நீங்கிவிட்டது. பெண் பார்க்கப் போகும் நம் வீட்டாரின் கண்ணிலிருந்து நீங்கிற்றா? திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் மணப்பெண்ணின் முகத்தை வெளுக்கக் களிம்பு தேடி ஓடுவோர் நம்மிடையே இல்லையா? தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத வெளுப்புக் களிம்புகளின் ஆபத்து முகத்தோடு நிற்பதில்லை. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையே சிறுநீரக நோயோடு வந்தோர் சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அந்நோய்க்கும் அவர்கள் பூசிவந்த வெளுப்புக் களிம்புகளில் இருந்த பாதரசத்துக்கும் தொடர்பு கண்டனர். அயல்நாட்டிலிருந்து அன்போடு வந்த பொருளாயினும் உட்பொருள் எழுதப்படாததை முகத்தில் இடாதிருப்பதே நன்று.

இனி, பரு எவ்வாறு தோன்றுகிறது என்பதைச் சிறிது காண்போம். பருவ வயதில் சுரக்கும் இயக்குநீர்களால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாய் வேலை செய்கின்றன. உதிரும் தோலணுக்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து துளை வாயை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட துளைக்குள் ஒருவகை நுண்ணுயிர் பெருகுகிறது, உடல் அதனை எதிர்க்கிறது, வீக்கம் பிறக்கிறது. இந்நிகழ்ச்சிகள் அனைத்தும் தோலுக்கு உள்ளே நடப்பவை. மூக்கின்மேல் தோன்றும் கரும்புள்ளிகூட அழுக்கன்று; அடைப்பு காற்றுப்பட்டும் தோலின் நிறப்பொருளாலும் கறுப்பது. எனவே பரு உடையவரைப் பார்த்து "முகம் கழுவக் கூடாதா?" என்று கேட்பது அறியாமை. அக்கேள்வியைத் தாங்கமாட்டாமல் நாளைக்கு ஏழெட்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்து, தோலைப் புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகள் பலர்.

காலையும் மாலையும் இருமுறை, மென்மையான சோப்பு அல்லது ஃபேஸ்வாஷ் கொண்டு விரல் நுனியால் கழுவினால் போதும். வியர்த்தபின் ஒருமுறை கழுவலாம். தொழுகைக்காக ஐந்து வேளை முகம் கழுவும் மாணவர்க்கு அதனால் கேடொன்றும் இல்லை. அது வெறும் நீர். ஒவ்வொரு வேளையும் சோப்புச் சேர்த்தால்தான் தோல் வறளும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். இரவுக் களிம்பை இஷாவுக்குப் பின் இட்டால் கழுவிப்போகாமல் காலைவரை நிற்கும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு சொற்பம்.

தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிந்து பருவை வளர்ப்பதைப் பலர் அறியார். நெற்றியிலும் மயிரோரத்திலும் மட்டும் பரு வருமானால் முதலில் ஐயுற வேண்டியது எண்ணெயைத்தான். எண்ணெயைத் துறக்கச் சொல்லவில்லை. குளிப்பதற்கு முன் வைத்துக் குளித்துவிடலாம். எண்ணெய் ஊறிய தலையணை உறையையும் வாரமொருமுறையேனும் துவைக்கலாம்.

சமையலறை வைத்தியம் பற்றிப் பெரியோர் எம்மீது சினம் கொள்ளாதிருக்க வேண்டும். பாசிப்பயற்று மாவும் கடலை மாவும் சந்தனமும் மென்மையாய்ப் பூசிக் கழுவினால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. முகம் குளிர்ச்சியாய் இருக்கும். அடைபட்ட துளையை அவை திறந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்கலாகாது. எலுமிச்சைச் சாற்றின் கதை வேறு. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கும். பற்பசையும் சமையல் சோடாவும் எலுமிச்சைக்கு இளைத்தவை அல்ல. உணவைப் பொறுத்தமட்டில், வடை தின்றதால் பரு வந்தது என்பதற்கு வலுவான சான்று இல்லை. இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுக்கே ஓரளவு சான்று உண்டு. 2007இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர் 43 பேரைக் கொண்டு 12 வாரம் நடந்த ஆய்வில், அத்தகைய உணவைக் குறைத்தவர்க்குப் பருவும் குறைந்தது. பிரியாணியைக் குற்றம் சாட்டுவோர் அதனோடு குடிக்கும் குளிர்பானத்தை மறந்துவிடுகின்றனர்.

மெய்யாகவே பயன் தரும் மருந்துகள் பழையவை, விளம்பரம் இல்லாதவை, ஆகவே விலை மலிந்தவை. பென்சாயில் பெராக்சைடு ஒன்று. அதில் 2.5 விழுக்காடு உள்ளதே 10 விழுக்காட்டுக்கு நிகராய் வேலை செய்யும், எரிச்சல் குறைவு. மிகுதியான வீரியம் மிகுதியான குணம் என்பது இங்குப் பொருந்தாது. அது துணியின் சாயத்தை வெளுக்கும் இயல்புடையது. வண்ணத் தலையணை உறைக்கும் முக்காட்டுத் துணிக்கும் பழி வராமல் பார்த்துக்கொள்க. வெயில் படும் சன்னலோரத்தில் அதை வைக்கலாகாது, வெப்பத்தில் சிதையும். மற்றொன்று அடாபலீன். அமெரிக்காவில் 2016 முதல் சீட்டின்றியே விற்கப்படுகிறது; நம் நாட்டில் மருத்துவர் சீட்டுக்குரியது. பட்டாணியளவு எடுத்து, பருவின் தலையில் மட்டும் புள்ளி வைக்காமல், கண்ணோரமும் உதட்டோரமும் தவிர்த்து முகம் முழுதும் மெல்லெனத் தடவ வேண்டும். முதலிரு வாரம் ஓரிரவு விட்டு ஓரிரவு போதும். தோல் உலர்ந்து உரியும். சிலர்க்குத் தொடக்கத்தில் பரு கூடுவதும் உண்டு. அஞ்சி விட்டுவிடலாகாது. மணமை நீங்கிய மாய்ச்சரைசர் சிறிது பூசினால் உலர்வு தணியும். கருவுற்ற பெண்களும் கருவுற எண்ணுவோரும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். கிளிண்டமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பைத் தனியே மாதக்கணக்கில் இடுவதும் முறையன்று. கிருமி அதற்குப் பழகிவிடும்.

இவை பயன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். ஒரு பருவத் தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடைப்பட்ட காலம் போன்றது அது. இங்கேதான் நம் பிள்ளைகள் தோற்கின்றனர். பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்து, குணமில்லை என்று எறிந்துவிட்டு நாலுநாள் களிம்புக்குத் திரும்புகின்றனர். பணம் செலவாவதும் இதனால்தான். பத்து வகைக் களிம்பை மாற்றி மாற்றி வாங்குவோர் செலவில், ஒன்றைப் பொறுத்துப் பூசுவோர் ஓராண்டுக்கு மருந்து வாங்கலாம்.

நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி தங்கிவிடுகிறது. அது தழும்பன்று, மாதங்கள் சில சென்றால் மங்கும். வெயில் பட்டால் மங்கத் தாமதமாகும். கிள்ளிப் பிதுக்கினால் மெய்யான தழும்பே நிற்கும். சன்ஸ்கிரீன் வாங்க இயன்றவர் வாங்கலாம். இயலாதவர்க்குக் குடை இருக்கிறது. ஆண்பிள்ளைகள் குடை பிடித்தால் ஏளனம் செய்வோர் சிலர். வெயிலுக்கு ஆண் பெண் தெரியாது.

வலியோடு ஆழ்ந்த கட்டிகள் தோன்றினாலும், குழித் தழும்பு விழத் தொடங்கினாலும், பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறி அதனோடு பருவும் மிகுந்தாலும் வீட்டு முயற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. புறநோயாளியாய்க் காட்டக் கட்டணம் இல்லை. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைத் தோழி தின்று தேறினாள் என்று தாமும் வாங்கித் தின்பது பேராபத்து. கருவுற்றவர் உண்டால் குழந்தைக்குக் கடும் ஊனம் நேரும்.

பரு உடம்பில் செய்யும் தீங்கைவிட நாவு செய்யும் தீங்கு பெரிது. திருமண வீட்டில் நாற்பது பேர் நடுவில் "என்னம்மா, முகமெல்லாம் இப்படி ஆகிவிட்டது?" என்று கேட்கும் பெரியம்மாக்கள் அன்பினால்தான் கேட்கின்றனர். அந்தப் பெண் அடுத்த விழாவுக்கு வருவதில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்குப் போய்விடும் பையனை நாம் சோம்பேறி என்று எழுதிக்கொள்கிறோம். அவன் கரும்பலகைக்கு வரத் தயங்குவது பாடம் தெரியாமலா, முகத்தை நாற்பது பேருக்குக் காட்ட நாணியா என்று ஆசிரியர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

கல்லூரி நிருவாகத்தினரிடம் நாம் வேண்டுவது ஒன்று. ஆண்டுதோறும் சூன் திங்களில் முதலாண்டு மாணவர் வந்து சேரும் வாரத்தில், அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரு மணிநேரம் பேசச் செய்யலாம். முகத்தில் பூசலாகாத மருந்துகளின் பெயரை அவரிடமே கேட்டு, ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் அருகருகே எழுதி, இரு விடுதிகளிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டலாம். எழுதித்தரும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.