பிறவிப் பலவீனம் என்று எந்த மரபணு சொன்னது?

"தைராய்டு குறைவு, சர்க்கரை, சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே குறைவு. எந்த வைரஸ் வந்தாலும் அவர்களைத்தான் முதலில் பிடிக்கும். மரபணு ஆய்விலேயே இதை நிரூபித்துவிட்டார்கள்." கொரோனாக் காலத்தில் கிளம்பிய இந்தப் பேச்சு ஒவ்வொரு காய்ச்சல் பருவத்திலும் மறுபடி தலையெடுக்கிறது. எங்கள் சேர்மாதேவி பஸ் ஸ்டாண்டிலும் கேட்கலாம், படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் கேட்கலாம். இதனால் உண்மையாகவே அடிபடுகிறவர்கள் பெண்கள்தான். தினமும் ஒரு தைராக்ஸின் மாத்திரை போடுகிற பெண்ணைச் சம்பந்தம் பேச வருகிற வீட்டார் நோயாளி என்று ஒதுக்குவதற்கு, விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அந்தக் காரணம் தவறு என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரிக் கணக்கு. கொரோனாவில் கவலைக்கிடமானவர்களிடம் தைராய்டு அளவு குறைந்திருந்தது என்று வந்த செய்திகள் பொய்யல்ல. ஆனால் கடும் நோயில் விழுகிற எவருக்கும், அது நிமோனியாவோ மாரடைப்போ, ரத்தத்தில் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இறங்கிவிடும். நீண்ட பட்டினியிலும் இறங்கும். உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. நோயின் விளைவை நோயின் காரணமாக வாசித்ததுதான் இங்கே நடந்த பிழை. ஏற்கெனவே தைராய்டு குறைவு இருந்தவர்களை 2020ல் நியூயார்க்கில் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வதிலும் வென்டிலேட்டர் தேவைப்படுவதிலும் மரணத்திலும் அவர்களுக்கென்று கூடுதல் ஆபத்து தென்படவில்லை.

சர்க்கரை இன்னும் சிக்கலான விஷயம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோடு கொரோனா சேர்ந்தால் எவ்வளவு மோசமாகும் என்பதை 2021 மே மாதம் தமிழ்நாடே பார்த்தது. இப்படிப்பட்டவர்களைத் தாக்கிய கருப்புப் பூஞ்சையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அந்த மாதம்தான் அறிவித்தார்கள். அந்த ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தொற்றே சர்க்கரையை ஏற்றும். உயிரைக் காக்கக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் ஏற்றும். எது முந்தி, எது பிந்தி என்று வார்டில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த முன்பின் குழப்பத்தை அவிழ்க்கத்தான் மரபணுத் தரவைக் கையில் எடுத்தார்கள். வழியின் பெயர் மெண்டலியன் ராண்டமைசேஷன். 1986ல் மார்ட்டின் கட்டான் என்ற டச்சு ஆய்வாளர் கொலஸ்ட்ரால், புற்றுநோய் பற்றிய ஒரு கடிதத்தில் இதன் விதையை ஊன்றினார். 2003ல் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஷா இப்ராஹிமும் அதை முறையாக வகுத்தார்கள். கரு உருவாகும்போது அம்மாவிடமிருந்து எந்தப் பிரதி, அப்பாவிடமிருந்து எந்தப் பிரதி என்பது குடவோலை எடுப்பது போலத் தற்செயலாக விழுகிறது. பிறகு வருகிற காய்ச்சலோ மருந்தோ வறுமையோ அந்தச் சீட்டை மாற்ற முடியாது. ஆகவே சர்க்கரை வரும் வாய்ப்பைக் கூட்டும் சீட்டுகள் விழுந்தவர்களுக்குக் கொரோனாவும் கடுமையாக வந்ததா என்று பார்த்தால், வார்டுக் குழப்பத்தைத் தாண்டிவிடலாம். அருமையான யோசனை. 2020 மார்ச்சில் ஹெல்சிங்கியிலிருந்து தொடங்கிய கோவிட் மரபணுக் கூட்டமைப்பு உலகெங்கும் திரட்டிய தரவைப் பொதுவில் வைத்ததால், வீட்டில் கணினி வைத்திருப்பவரும் இந்த ஆய்வைச் செய்ய முடிந்தது. செய்தார்கள், நூற்றுக்கணக்கில்.

என்ன வந்தது? "நிரூபித்துவிட்டார்கள்" என்பவர்கள் இந்த இடத்தை வாசிப்பதே இல்லை. உடல் பருமனைக் கூட்டும் மரபணுக்கள் கொரோனாவின் கடுமையையும் கூட்டின. இது திரும்பத் திரும்ப உறுதியானது. பருமனைக் கழித்துவிட்டு இரண்டாம் வகைச் சர்க்கரையை மட்டும் தனியே கேட்டால், மரபணுவின் பதில் மங்கலாகத்தான் இருந்தது. வைட்டமின் டியும் உடலில் ஒரு ஹார்மோனாகத்தான் வேலை செய்கிறது. அதன் குறைவுதான் கொரோனாவைக் கொண்டுவருகிறது என்று மாத்திரை விற்பனை பறந்த நாட்களில், 2021ல் வெளியான பெரிய மரபணு ஆய்வு அப்படிச் சான்று இல்லை என்றது. தைராய்டில் சில ஆய்வுகள் சிறு தொடர்பு உண்டு என்றன, வேறு சில இல்லை என்றன. இதுதான் அந்த "நிரூபணம்".

இருக்கட்டும், சிறு தொடர்பு காட்டிய ஆய்வுகளையே எடுத்துக்கொள்வோம். அங்கேதான் ஆழமான சிக்கல் இருக்கிறது. தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் ஹஷிமோட்டோ நோய். உடலின் காவல் அணுக்களே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய் அது. ஆகவே தைராய்டு குறைவைக் குறிக்கும் மரபணுக்கள் என்று பட்டியலிடப்படுபவற்றில் எச்.எல்.ஏ., பி.டி.பி.என்.22, சி.டி.எல்.ஏ.4 எல்லாம் நிற்கின்றன. இவை தைராய்டின் மரபணுக்கள் அல்ல, காவல் அமைப்பின் மரபணுக்கள். வைரஸை எதிர்கொள்வதிலும் அவற்றுக்குக் கை உண்டு. ஒரே வேரிலிருந்து இரண்டு கிளை வந்தால், ஒரு கிளை மறு கிளையைப் பெற்றது என்று சொல்ல முடியுமா? மரபணுவானது ஹார்மோன் என்ற ஒரே வழியாக மட்டும் நோயைத் தொட வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை நிபந்தனை. தைராய்டில் அந்த நிபந்தனை எளிதில் உடைகிறது.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி ஓர் அரிய நோய். ஏ.ஐ.ஆர்.இ. என்ற மரபணு பழுதானால் பாராதைராய்டும் அட்ரினலும் சிறு வயதிலேயே செயலிழக்கும். அப்பட்டமான ஹார்மோன் நோய். இந்த நோயாளிகளில் பலருக்குக் கொரோனா கடுமையாக வந்ததும் உண்மை. அப்படியானால் ஹார்மோன் குறைவுதான் காரணமா? இல்லை. அதே பழுதால், வைரஸை முதலில் தடுக்க வேண்டிய இன்டர்ஃபெரானையே தாக்கும் எதிர்ப்பொருட்கள் அவர்கள் உடலில் உருவாகியிருந்தன. இதே எதிர்ப்பொருட்களைத் தேடி 2020ல் உயிருக்குப் போராடிய 987 கொரோனா நோயாளிகளைச் சோதித்தபோது 101 பேரிடம் அவை கிடைத்தன. இவர்களில் பெரும்பாலோர் வயதில் மூத்த ஆண்கள். மாத்திரை டப்பாவைக் காட்டி நாம் ஒதுக்குகிற இளம் பெண்கள் அல்ல.

அடுத்த வாதம் நம் மண்ணைத் தொடுவது: "மரபணு எல்லோருக்கும் ஒன்றுதானே, ஐரோப்பாவில் கண்டது நமக்கும் பொருந்தும்." பொருந்தாது. கொரோனாவைக் கடுமையாக்கும் மூன்றாம் குரோமோசோம் துண்டு ஒன்று நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது என்று ஸெபெர்க்கும் பேபோவும் 2020ல் காட்டினார்கள். ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் இருக்கிற அது, தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறது. ஒரே துண்டுக்கே இவ்வளவு வித்தியாசம். தைராய்டு, சர்க்கரை மரபணுப் பட்டியல்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்திலிருந்து தயாரானவை. அவற்றை அப்படியே தாமிரபரணிக் கரையில் வைத்து ஜோசியம் பார்ப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இங்கே இன்னொரு தடையும் உண்டு, நம் வரலாறு போட்ட தடை. 1924-25ல் இதே சேர்மாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி போட்டது தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியது. தனிப்பந்திக்குப் பின்னால் இருந்தது தனி மணவட்டம். பல நூற்றாண்டுகளாகச் சாதித் தெருவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், தெருவுக்குத் தெரு மரபணு விகிதம் மாறும். 2017ல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு, தெற்காசியச் சமூகங்கள் பலவற்றில் இந்த மணவட்டச் சுருக்கம் எவ்வளவு கடுமையானது என்று காட்டியது. ஆனால் தெருவோடு மாறுவது மரபணு மட்டுமா? கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருந்தவர் யார், அதில் கூலிக்கு இறங்கியவர் யார், நாள் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி பீடி சுற்றுகிற பெண் எந்தத் தெருவில் இருக்கிறார், காய்ச்சல் என்றதும் காரில் பாளையங்கோட்டை போகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார்? எல்லாமே தெருவோடு மாறுகின்றன. இந்த ஊரில் ஒரு மரபணுக் குறி வைரஸ் நோயோடு சேர்ந்து வந்தால், அது உடலைப் பற்றிச் சொல்கிறதா தெருவைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். பிரிக்காமல் சொன்னால் சாதிக்கு விஞ்ஞான முத்திரை குத்திய பாவம்தான் மிஞ்சும்.

அப்படியானால் மரபணு ஆய்வே வேண்டாம் என்பவர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் தீவிர சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்தபோது டி.ஒய்.கே.2 என்ற மரபணு தென்பட்டது, பாரிசிட்டினிப் என்ற மூட்டுவாத மருந்தைக் கொரோனாவுக்கு அங்கே சோதிக்க உந்திய காரணங்களில் ஒன்று. 2022ல் அது மரணத்தைக் குறைத்ததும் உறுதியானது. குடவோலை உண்மையாகவே தற்செயலாக விழுவது ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இடையில்தான். ஆகவே தெருச் சிக்கலைத் தாண்ட வழி, உடன்பிறந்தவர்களை ஒப்பிடுவது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தெரு, சீட்டு மட்டும் வேறு. அக்கா தங்கைகள் நாலைந்து பேர் அடுத்தடுத்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிற நம் பக்கத்தில் இப்படி ஓர் ஆய்வு நடத்துவது ஐரோப்பாவைவிட எளிது. 83 சமூகக் குழுக்களிலிருந்து 10,000 பேரின் முழு மரபணுவையும் படித்த ஜீனோம்இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நம் மக்களுக்கேற்ற பட்டியலைத் தயாரிக்க அடித்தளம் வந்துவிட்டது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களின் நோயாளிக் குடும்பங்கள், விவரம் தெரிந்து சம்மதித்து, அதில் சேர வேண்டும்.

அதுவரை, "அப்போ ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை எடுக்க வேண்டாம். தைராய்டு குறைவு இருந்தால் மாத்திரையை வெறும் வயிற்றில் தவறாமல் போடுங்கள், டாக்டர் சொல்லும் இடைவெளியில் டி.எஸ்.எச். பாருங்கள். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள், இடுப்புச் சுற்றளவைக் குறையுங்கள், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் தைராய்டைப் பற்றிக் கேட்டால், மாத்திரை போட்டு அளவு சரியாக இருக்கிறது என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.